சொல்லியிருக்கணும்

அந்த மருத்துவமனையில் அவளை எல்லோரும் எக்ஸ்ரேம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தரைத்தளத்தில், படிக்கட்டை ஒட்டி, ஜன்னல் இல்லாத ஓர் அறை அவளுடையது. வருகிறவர்களை நிறுத்தி, தோளைத் திருப்பி, நெஞ்சைத் தகட்டோடு ஒட்டவைத்துவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போய், "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, அசையாதீங்க... ம், விடுங்க" என்பாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வேலை. தூக்கத்தில்கூட அவள் அதையே சொல்கிறாள் என்று கணவர் கேலி செய்வார்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் அடிக்குழிக்குள் இறங்கி, முழங்கை வரை கிரீஸோடு வெளியே வருகிறவர். ஆள் எப்போதும் பள்ளத்திலேயே கிடப்பதால் கூட வேலை செய்பவர்கள் பாதாளம் என்று பெயர் வைத்திருந்தார்கள். பேச்சும் அப்படித்தான், தோண்டித்தான் எடுக்க வேண்டும். இருவருக்கும் குழந்தை இல்லை. அதற்காக அலைய வேண்டியதை அலைந்து, அழ வேண்டியதை அழுது, கடைசியில் அந்தப் பேச்சை எடுக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள். பழக்கம் அதோடு நிற்கவில்லை. மற்ற பேச்சும் சிறுகச் சிறுகக் குறைந்தது. குழாய் ஒழுகுகிறது, கேஸ் தீர்ந்துவிட்டது, நாளைக்குக் காலை ஷிஃப்ட், இவ்வளவுதான். சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் மாதிரி நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

அவள் நாவல் படிக்கிறவள். தெருமுனை வாடகை நூலகத்திலிருந்து எடுத்து வந்து, பேருந்தில் படிப்பாள், உலை கொதிக்கும் நேரத்தில் அடுப்படியில் நின்றபடி படிப்பாள். அவர் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. ஒரு மழைக்காலத்தில் குழிக்குள் இறங்கும் ஏணியில் வழுக்கி விழுந்து, இடுப்பு பிடித்துக்கொண்டு படுத்தார். கூரையைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், தலைமாட்டில் கிடந்த அவளுடைய நாவலைக் கையில் எடுத்தார். அவள் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் கேட்டார்.

"கடைசியில ஆத்துல முழுகிச் செத்துப்போறாளே, அவளுக்கு நல்லா நீச்சல் தெரியும்னு ஆரம்பத்துலயே வருதே, கவனிச்சியா?"

அவள் கவனித்திருக்கவில்லை. அந்தப் பெண் தானாகவே முழுகியிருப்பாள் என்று சமாளித்தாள்.

"அப்படின்னா எழுதினவர் அதைச் சொல்லணும்ல. அவளை என்ன பண்றதுன்னு புரியல மனுஷனுக்கு. ஆத்துல தள்ளிவிட்டுட்டாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டியபடியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணுக்காக வாதாடத் தொடங்கினாள். அன்று சோறு வடிக்க வெகுநேரம் ஆனது.

இடுப்பு சரியான பிறகும் அவர் விடவில்லை. ஒரே புத்தகத்தை முதலில் அவள், பிறகு அவர். இருவரும் முடிக்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது என்று பேச்சு. அவளோ மடமடவென்று முடித்துவிடுவாள். அவர் எழுத்துக் கூட்டுகிறவர் போல ஒவ்வொரு வரியாகப் போவார். சொல்ல வந்ததை அடக்கிக்கொண்டு காத்திருப்பதற்குள் அவளுக்கு உயிர் போய்விடும். கதை எந்த இடத்தில் பழுதாகி நின்றது என்று அவர் தேடுவார். அவளுக்கு அதெல்லாம் பெரிதில்லை, இந்த மனுஷி இப்போது என்ன பாடுபடுவாள் என்பதுதான் அவள் கவலை. எந்தப் புத்தகத்திலும் இருவரும் ஒத்துப்போனதாக நினைவில்லை. ஒரு முறை நூலகத்திலேயே நின்று சண்டை போட்டதில், அதை நடத்தும் அம்மாள், வீட்டில் போய் வைத்துக்கொள்ளுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டியதாயிற்று.

அப்படி ஒரு முறை வந்த நாவலில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. அவளுக்குத் தீராத நோய், ஆறு மாசம்தான் கெடு. கணவனும் மகன்களும் அவளிடம் மறைத்துவிடுகிறார்கள். அவளும் அடுத்த வருஷப் பாடத்துக்குக் குறிப்பெடுத்துக்கொண்டே, ஒன்றும் தெரியாமல் போய்ச் சேருகிறாள். அதைப் படித்த எக்ஸ்ரேம்மாவுக்கு மனசே ஆறவில்லை. அவர் முடித்து மூடிவைத்த கையோடு பொரிந்து தள்ளினாள். அது அவளுடைய சாவு, அதை அவளிடமிருந்தே திருடிவிட்டார்கள் என்றாள். யாரிடமாவது மன்னிப்புக் கேட்க இருந்திருக்கும், யாரையாவது பார்க்க ஆசை இருந்திருக்கும், எல்லாவற்றையும் தட்டிப்பறித்த பாவிகள் என்றாள்.

அவர் மசியவில்லை. "கடைசி வரைக்கும் அவ சந்தோஷமா இருந்தாள்ல? அதைவிட என்ன வேணும்? தெரிஞ்சிருந்தா அந்த ஆறு மாசமும் செத்துச் செத்துப் பொழைச்சிருப்பா."

"எனக்கு அப்படி ஒண்ணு வந்தா சொல்லிடணும் நீங்க."

"எனக்கு வந்தா சொல்லாதே," என்றார் அவர். "மகராசியா வாயை மூடிக்கிட்டு இரு."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு திரும்பிப் பார்த்தாள். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுத்த புத்தகம் வந்தது, அதில் வேறு சண்டை பிறந்தது.

இரண்டு வருஷம் கழித்து அவருக்கு இருமல் வந்தது. குழித் தூசி என்று சொல்லிக்கொண்டே திரிந்தார். மருந்துக்கடை மருந்துக்கு அது அசையவில்லை, சட்டை தொளதொளத்தது. ஒரு நாள் அவளே கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தன் அறைக்குக் கூட்டிப்போனாள். சட்டையைக் கழற்றச் சொல்லி, மோவாயை நிமிர்த்தி, நெஞ்சைத் தகட்டோடு ஒட்டவைத்தாள். ஊராருக்குச் சொல்கிற மாதிரியே அவருக்கும் சொன்னாள், மூச்சை இழுங்க, பிடிங்க. பொத்தானை அழுத்தினாள். திரையில் படம் வந்தது.

வலது பக்கம், மேலே, ஒரு வெள்ளை உருண்டை. ஓரம் பிசிறு பிசிறாக.

படத்தைப் பார்த்து நோயைச் சொல்வது அவள் வேலை இல்லை. ஆனால் இத்தனை வருஷமாகப் பார்த்த கண். எவ்வளவு நேரம் அப்படியே நின்றாளோ தெரியாது. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூச்சுத் திணறுகிற சத்தமும், அதைத் தொடர்ந்து இருமலும் கேட்டபோதுதான், விடுங்க என்று சொல்ல மறந்துவிட்டது உறைத்தது. ஓடிப்போய் முதுகைத் தடவிக்கொடுத்தாள். சளி கட்டியிருக்கிற மாதிரி தெரிகிறது, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றாள். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சரி என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி போட்டு உள்ளேயிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டர் அவளை மட்டும் தனியாக அழைத்தார். பல காலம் ஒரே கட்டடத்தில் வேலை செய்த பழக்கம், அதனால் சுற்றி வளைக்காமல் சொன்னார். நுரையீரலில் புற்று, கல்லீரல் வரை போயிருந்தது. மருந்து கொடுத்தால் ஒரு வருஷமோ, கொஞ்சம் கூடவோ. அவரிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டார். நானே சொல்லிக்கொள்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்கு அந்த ஆசிரியையின் நினைவுதான். நாவலில் வந்த கணவனை அன்று என்னென்ன பேசினாள். இப்போது அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, நீ மட்டும் என்ன செய்யப்போகிறாய் பார்க்கலாம் என்று கேட்பது போல இருந்தது. மறைத்தால் தன் நியாயத்துக்கே அது துரோகம். சொன்னாலோ, அவர் வாய் திறந்து கேட்டுக்கொண்ட ஒன்றை மீறுவதாகும். கதையைப் பற்றிச் சொன்ன அபிப்பிராயம்தானே என்று தள்ளவும் முடியவில்லை. அவர் தன்னைப் பற்றிப் பேசியதெல்லாம் கதைகளை வைத்துத்தான்.

நாட்கள் போயின. காலையில் சொல்லலாம் என்று நினைப்பாள், அவர் பல் துலக்கிக்கொண்டு ஏதோ முணுமுணுப்பார், விட்டுவிடுவாள். டாக்டர் பார்க்கும்போதெல்லாம் கண்ணாலேயே கேட்டார். மருந்தைத் தள்ளிப்போட முடியாது. வீட்டில் சளி, சளி என்று அவளே சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லே கசந்துபோயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்து இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரு வீட்டுக்காக அடித்துக்கொள்ளும் ஒரு நாவலைப் பற்றிப் பேச்சு. அவள் ம் கொட்டிக்கொண்டிருந்தாள். அவர் பாதியில் நிறுத்தினார்.

"அந்த டீச்சர் கதையில நான் சொன்னது தப்பு," என்றார்.

அவள் எந்த டீச்சர் என்று கேட்கவில்லை.

"அவகிட்ட சொல்லியிருக்கணும். தெரியாததால சந்தோஷமா இருந்தான்னு நெனச்சேன். தெரியாம எல்லாம் யாரும் இருக்க மாட்டாங்க. வீட்ல எல்லாரும் திடீர்னு நல்லவங்களா மாறினா தெரியாதா? அவ கேக்காம இருந்திருக்கா, அவ்வளவுதான். புருஷனும் புள்ளைங்களும் பயந்துக்கிட்டு இருக்காங்களேன்னு, பாவம், அவங்களுக்காக நடிச்சிருக்கா." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அது பெரிய தனிமை."

"நீ அன்னைக்கு மூச்சை விடச் சொல்லல," என்றார் அவர், மெதுவாக. "இத்தனை வருஷத்துல நீ அதை மறந்து நான் கேள்விப்பட்டதில்ல."

அவள் சொன்னாள். ஒன்றையும் விடாமல், டாக்டர் சொன்ன வரிசையிலேயே சொன்னாள். எந்தப் பக்கம், எவ்வளவு பெரிது, எங்கெல்லாம் போயிருக்கிறது என்று அவர் கேட்டார். அவள் அவர் நெஞ்சிலேயே விரலை வைத்துக் காட்டினாள். காட்டிய கையை அவர் விடவில்லை. அழுதது அவர்தான் முதலில்.

மருந்து ஏற்றிக்கொண்டார். தலைமுடி போயிற்று, நாக்கு ருசி போயிற்று, லிஃப்ட் வேலையும் போயிற்று. தூரத்தில் இருந்த அக்காவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத அக்கா. கூட்டிப்போனாள். அக்காவும் தம்பியும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். திரும்பி வரும்போது பேருந்தில் அவர் முகம் லேசாகியிருந்தது.

புத்தகம் மட்டும் நிற்கவில்லை. தடி தடியானதாகக் கொண்டுவராதே, நடுவில் போய்விட்டால் நஷ்டம் என்பார். அவள் வேண்டுமென்றே தலையணை கனத்தில் பார்த்து எடுத்து வருவாள். கையில் பிடிக்க முடியாமல் ஆனபோது அவள் வாசித்தாள், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிக்கும் வரை பேசக் கூடாது என்ற ஒப்பந்தம் காற்றில் பறந்தது. பிடிக்காத இடம் வந்தால் விரலைத் தூக்குவார், அவள் நிறுத்த வேண்டும். ஒரு நாள் ஒரு பக்கத்துக்குள் மூன்று தடவை தூக்கினார். கதாநாயகன் பேசுகிற பேச்சு ஒன்றும் மனுஷப் பேச்சாக இல்லை என்று குறைப்பட்டார்.

டாக்டர் சொன்ன வருஷத்தைத் தாண்டி, வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில், வீட்டிலேயே போனார். அவள் பக்கத்தில்தான் இருந்தாள்.

அதன் பிறகு பல மாதங்கள் அவள் நூலகப் பக்கம் போகவில்லை. அக்கா வந்து கொஞ்ச நாள் கூட இருந்தாள். போகும் முன், தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். சொல்லாமல் இருந்திருந்தால் அவர் உங்களைப் பார்க்க வந்திருக்க மாட்டாரே அண்ணி என்று எக்ஸ்ரேம்மா சொன்னாள். அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள்.

பிறகு ஒரு நாள் தானாகவே போய் ஒரு நாவல் எடுத்து வந்தாள். வழக்கம்போல மடமடவென்று ஓடவில்லை. நடுவில் வருகிற ஒரு தகப்பன், மகளை வீட்டை விட்டு அனுப்பிவிடுகிறான். அவளுக்கு அவன் மேல் கோபமே வரவில்லை, பரிதாபம்தான் வந்தது. அவர் இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தாள். குரல் காதில் கேட்டது, விரல் தூக்குவதும் கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் என்ன சொல்வார் என்பது மட்டும் வரவில்லை. எத்தனை வருஷம் பேசியும், இதைத்தான் சொல்வார் என்று அவள் நினைத்ததை அவர் ஒரு தடவையும் சொன்னவரில்லை.

பிறகு, மகள் எங்கே போனாள் என்று பார்க்கப் பக்கத்தைத் திருப்பினாள்.