பனி பார்க்காதவன் செய்த வேலி

எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம். பனி விழுந்து ஒரு நாளும் பார்க்காதவன் பனி அளப்பதைப் பற்றி எழுதுவது அதைவிட. பொறுத்துக்கொள்ளுங்கள்.

துபாய் ஜெபல் அலியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எனக்குத் தகடு வேலை. போன வருடம் ஓர் ஆர்டர் வந்தது. ஆளில்லாத ஏதோ ஒரு குளிர்மலையில் பனி அளக்க வைக்கும் வாளிகளுக்கு நான்கு சுற்றுவேலிகள். இரும்பு வளையம், அதில் வரிசையாகத் தொங்கும் தகடுகள். ஒன்றைப் பெஷாவர்க்காரர் ஒருவர் செய்தார். மூன்றை நான் செய்தேன். மாட்டியதும் தகடுகள் கடகடவென்று அடித்துக்கொண்டன. இங்கே வீசும் மணல்காற்றில் ஆடுகிற தகடு கூரையில் தங்காது. ஆடினால் இறுக்கு, அதுதான் எங்கள் பழக்கம். யாரையும் கேட்காமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வெல்டிங் வைத்து, மேலே பெயின்டும் அடித்துவிட்டேன்.

என் மூன்றும் மரப்பெட்டிக்குள் போன பிறகு சூபர்வைசர் வந்தார். நாகர்கோவில்காரர், என்னைவிடச் சின்னவர்.

“இது என்னத்துக்குன்னு தெரியுமாண்ணே?” என்று கேட்டு, ஒரு வாளியை ஃபேனுக்கு எதிரே வைத்து, பேக்கிங் தெர்மாகோல் மணிகளை அள்ளித் தூவினார். எல்லாம் வாளியைத் தாண்டிப் பறந்தன. பிறகு பெஷாவர்க்காரரின் வேலியை வாளியைச் சுற்றி நிறுத்தித் தூவினார். பாதிக்கு மேல் உள்ளே விழுந்தன.

“தகடு ஆடணும்ணே. ஆடுனாத்தான் காத்து அடங்கும், பனியும் ஒட்டாம உதுந்திரும். இல்லன்னா அங்க பெய்யுறது ஒண்ணு, கணக்குல வர்றது ஒண்ணு.”

மறுநாள் கன்டெய்னர். என் விசா புதுப்பிக்கும் பேப்பர் ஆபீஸில் கையெழுத்தாகாமல் கிடந்தது. பெயின்டுக்கு அடியில் இருப்பதை யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் அந்த மலையில் திறந்து பார்த்துத் திருத்தவும் யாரும் இல்லை.

“சார், நான் மூணுலயும் வெல்ட் வச்சுட்டேன்.”

அவர் ஃபேனை நிறுத்தினார். பிறகு, “வருஷத்துக்கு ஒருக்கா வாயத் தொறக்குறீங்க. நல்லவேள, அது இன்னைக்கு” என்றார்.

பெஷாவர்க்காரர் கிரைண்டரைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். “சலோ பாய், ஜல்தி” என்று அவசரப்படுத்தினார்.

மூன்று பேரும் பெட்டிகளைப் பிரித்து, பொட்டுப் பொட்டாக அறுத்தோம். கடைசித் தகடும் ஆடியபோது பெஷாவர்க்காரர் “கலாஸ்”, முடிந்தது என்று கண்ணாடியைக் கழற்றினார். ட்ராயிங்கை விளக்காதது தன் தப்பு என்று சூபர்வைசர் ரிப்போர்ட்டில் எழுதினார். அவர் கேட்காத நன்றியை இங்கே எழுதி வைக்கிறேன்.

மறுநாள் பதினொரு மணிக்குக் கன்டெய்னர் போனது. மதியம் ஆபீஸில் கூப்பிட்டு விசா புதுப்பிக்கும் பேப்பரில் கையெழுத்து வாங்கினார்கள்.