ஞாயிற்றுக்கிழமைக் கொலஸ்ட்ரோல்

“அந்த மாத்திரைய போட ஆரம்பிச்சதுலேர்ந்து காலு ரெண்டும் என்னோடது மாதிரியே இல்ல. கொலஸ்ட்ரோல் என்னைக் கொல்றதுக்கு முன்னாடி நீ கொன்னுடுவ போலருக்கு.”

புருஷனுக்கு மாத்திரை கொடுப்பது சம்பளம், லீவு, பென்ஷன் எதுவுமில்லாத உத்தியோகம். மேலதிகாரி மட்டும் உண்டு, அவர்தான் மாத்திரையை விழுங்க வேண்டியவர். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். இருந்தால் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

திங்கட்கிழமைக் கால்

என் வீட்டுக்காரர் பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். போன வருஷம், ஆள் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்துக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வளைவுக்கு வளைவு அவர் தலை என் மடியில் உருண்டது. அந்தப் பயணத்தை மட்டும் நான் கிண்டல் பண்ணமாட்டேன். இன்னொரு தரம் அப்படி வராமல் இருக்கத்தான், கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் மாத்திரையைத் தினமும் ராத்திரி ஒன்று போடச் சொன்னார்கள். அன்றிலிருந்து வெந்நீர்க் கிளாசோடு அவர் முன்னால் நிற்பது நான்.

கொஞ்ச நாளில் கால்வலி என்றார். வலி வருவது திங்கட்கிழமைகளில். ஞாயிற்றுக்கிழமை பதுளை டவுனில் இறைச்சிக் கடைக்கும் மார்க்கெட்டுக்குமாக ஏறி இறங்கும் அதே கால், மறுநாள் சப்பாத்தைப் பார்த்ததும் முனகும். கான்வென்ட்டில் சிஸ்டர்மாரிடம் பரீட்சையன்று மட்டும் வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தவள் நான், எனக்கா தெரியாது? “ஆட்டுக்கறி வாங்கப் போகையில வலிக்காத காலு, ஆபீஸ் படியைக் கண்டதும் வலிக்குதாக்கும்” என்றேன். அவர் சப்பாத்துக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: “காலுக்குக் கிழம தெரியுமா? வலிக்குதுன்னா வலிக்குது.”

மறதி

இந்த மாத்திரை சிலருக்கு ஞாபகத்தைக் குழப்பும் என்று யாரோ போனில் அனுப்பிய குரல்பதிவைக் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அவருடைய மறதிக்கெல்லாம் மருந்துக் கம்பெனி பொறுப்பு. வெலிமடைக்குப் போனவரிடம் லீக்ஸும் கரட்டும் சொல்லிவிட்டேன். உருளைக்கிழங்கு மூட்டையோடு வந்தார். ஏன் என்று கேட்டால் சோகமாக நெற்றியைத் தடவுகிறார்.

கல்யாணத்துக்கு மறுவாரம் என்னைப் பெரகல சந்திக் கடையில் தேத்தண்ணி குடிக்க விட்டுவிட்டு, வந்த பஸ்ஸில் தனியாக ஏறிப்போன மனுஷர் இவர். அப்போது எந்த மாத்திரையும் கிடையாது. அதை நினைவுபடுத்தினேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்: “அது எனக்கு நல்லா ஞாபகமிருக்கு. அப்ப மூள நல்லா வேல செஞ்சுச்சு.”

வெள்ளைப்பூண்டு மதினி

அவருடைய அக்கா வெலிமடையில் இருக்கிறார். தம்பிக்குக் கால்வலி என்று கேள்விப்பட்டதும் தேனில் ஊறப்போட்ட வெள்ளைப்பூண்டு ஒரு போத்தல் நிறைய வந்து இறங்கியது, அதன் பின்னாலேயே அவரும் வந்து இறங்கினார். “இங்கிலீசு மருந்து ஈரலைத் தின்னுடும்மா. நிப்பாட்டு. இதைக் குடு, ரத்தம் கண்ணாடி மாதிரி ஓடும்” என்றார். வீடு முழுக்கப் பூண்டு வாசம். தம்பியின் முகத்தில் விடுதலை கிடைத்த களை.

சாயந்தரம் தலைவலிக்கு மதினியின் கைப்பையில் பனடோல் தேடினேன், அவரே எடுத்துக்கொள்ளச் சொன்னதால்தான். பனடோலுக்குப் பக்கத்தில் அதே கொலஸ்ட்ரோல் மாத்திரை, அதே கலர் கார்டு. “மதினி, இது யாரு ஈரலுக்கு?” என்று கேட்டேன். அவர் கார்டை வாங்கிப் பைக்குள் போட்டு சிப்பை இழுத்து மூடினார். “நான் போடாம இருக்க முடியுமா? எனக்கு ஒண்ணுன்னா யாரு பார்ப்பா? அவனுக்குத்தான் நீ இருக்கியே.”

விபூதித் தட்டு

ஒரு சனிக்கிழமை சாமி அறையைத் துடைக்கும்போது விபூதித் தட்டில் விரலுக்குக் கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. ஊதிப் பார்த்தால் மாத்திரை. கிளறினால் இன்னொன்று. முருகனுக்குக் கொலஸ்ட்ரோல் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

தட்டோடு போய் அவர் முன்னால் நின்றேன். பேப்பரை இறக்காமலே பதில் வந்தது. அந்த நிதானத்தைப் பார்த்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். “அங்கேயே இருக்கட்டும், எடுத்துடாத. அதுக்கு ஒரு கணக்கு இருக்கு.”

கிளினிக்

அந்தக் கணக்கு என்னவென்று கிளினிக்கில்தான் தெரிந்தது. டாக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, எங்கள் மகள் வயதிருக்கும். கால்வலியை நான் நாடகம் என்று சொல்லி முடிப்பதற்குள் கையை நீட்டி என்னை நிறுத்திவிட்டு அவரைக் கேட்டார்: “எந்த நாள்ல கூட நோகுது, ஐயா?”

“திங்கக்கிழமதாங்க.”

“ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யிறனீங்கள்?”

வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். செவ்வாயும் வெள்ளியும் வீட்டில் சைவமாம். சைவ நாளில் உடம்பில் கொழுப்பு ஏறாதாம். ஏறாததைக் குறைக்க மாத்திரை எதற்கு? அதனால் அந்த ரெண்டு ராத்திரியும் நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டு, நான் கிளாசைக் கழுவப் போனதும் விபூதித் தட்டில் சேமித்துவிடுவாராம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி. அன்று தட்டில் இருக்கும் ரெண்டையும் அன்றைய மாத்திரையையும் சேர்த்து மூன்றாகப் போட்டுவிடுவாராம். “வாரக் கடைசியில கணக்கு சரியா வந்துடும் டாக்டர்” என்றார், தோட்டத்துத் துரைக்கு ரிப்போர்ட் சொல்லும் அதே குரலில்.

டாக்டர் பேனையைக் கீழே வைத்தார். “சாப்பாட்டில வாற கொலஸ்ட்ரோல் கொஞ்சம்தான் ஐயா. மிச்சத்தை உங்கட ஈரல் தானே செய்யுது. அது வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறேல்ல.” பிறகு என் பக்கம் திரும்பினார். “கால் நோவும் பொய்யில்லை அம்மா. சில பேருக்கு இந்தக் குளிசையால வாறதுதான். மூண்டை ஒண்டாப் போட்டா சொல்லவே வேணாம். ரத்தம் பார்ப்பம். தேவையெண்டா அளவைக் குறைப்பம், இல்லாட்டி வேற குளிசை தருவம். ஆனா நெஞ்சுக்குத்து வந்த ஆள் தன்ர எண்ணத்துக்கு விட்டு விட்டுப் போடேலாது. அடுத்த முறை லொறி வந்து சேருமெண்டு என்ன நிச்சயம்?”

பின்னால் வரிசையில் காத்திருந்த பெரியவர் ஒருவர் கழுத்தை நீட்டி மெதுவாகக் கேட்டார்: “அப்ப அமாவாசைக்கும் போடணுங்களா?”

வெள்ளிக்கிழமை

ரத்தத்தில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அளவைக் குறைத்தார்கள், தினமும் ஒன்று, கிழமை பார்க்காமல். திங்கட்கிழமை வந்தது, முனகல் இல்லாமல் சப்பாத்து ஏறியது. அதைச் சொல்லிக் காட்டாமல் இருக்க எனக்குத் தனியாக ஒரு மாத்திரை தேவைப்பட்டது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போய் நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். இடியப்பமும் சொதியும் சாப்பிட்டார். மாத்திரையை வாயில் போட்டார், வெந்நீரைக் குடித்தார், கிளாசை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. நன்மையையும் பக்கவிளைவையும் இத்தனை நாள் நிறுத்துப் பார்த்ததில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: அந்த மாத்திரையால் அவருக்கு வந்த பக்கவிளைவுகளில் ஆகக் கடுமையானது நான், அதைக் குறைத்து எழுத எந்த டாக்டராலும் முடியாது.

“எங்க, வாயைத் திறந்து காட்டுங்க.”

அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

“நாக்கையும் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க.”