காலி பாட்டிலும் மடவை மீனும்

வரிசைப்படுத்தாமல் எனக்கு எழுத வராது. அதனால் முதலிலேயே குறித்துவிடுகிறேன்.

1. எஸ்தர் மேடம் இறந்த செய்தி வந்த விதம்.
2. அவர் வேலை செய்த முறை.
3. ஏழுமலையின் கேள்விக்கு அவர் பதில் சொல்லாமலே போனது.

மீஞ்சூர் ரயில் நிலையத்தில் நின்றிருந்தபோது அவருடைய தம்பி போனில் அழைத்தார். "அக்கா போயிடுச்சு சார்." எந்த அக்கா என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன் போலிருக்கிறது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஸ்தர் கும்மிடிப்பூண்டிக்காரர். பொன்னேரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. மெத்தை, டிவிப் பெட்டி, ஒயர் போன்றவை எளிதில் தீப்பிடிக்காமலிருக்க ஒரு வகை ரசாயனம் சேர்க்கிறார்கள். அது லேசில் அழியாது. மழைநீரோடு கடலுக்குப் போய் மீனின் கொழுப்பில் தங்கிவிடும். கடலின் நிலையை மீனிடம் கேட்டு அறிவதே அவருடைய வேலை.

பழவேற்காட்டு முகத்துவாரத்தில் மீனவர் ஏழுமலையின் படகுக்குப் போய் மடவை மீன் வாங்குவோம். மீனைப் பொட்டலம் கட்டும்போது, கழுவிய காலி பாட்டில் ஒன்றையும் மேடம் பக்கத்தில் திறந்து வைப்பார். பிறகு மீனுக்குச் செய்யும் சோதனை எல்லாம் அந்தப் பாட்டிலுக்கும் உண்டு.

"இன்னாம்மா, காத்து புடிச்சிக்கினு போறியா?" என்பார் ஏழுமலை.

"ஆமா நைனா. காத்துல கீற அழுக்க உன் மீனு தலையில கட்டக் கூடாதில்ல?"

ஒருநாள் ஏழுமலை சிரிக்காமல் கேட்டார்: "எம்பொண்ணு மாசமா கீறாம்மா. இத்த ஆக்கிப் போடலாமா, வேணாமா?"

மேடம் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியல நைனா. தெரிஞ்சதும் நானே வந்து சொல்றேன்."

அந்த மீன்களில் ரசாயனம் ஏராளமாக இருப்பதாக முடிவு வந்தது. நான் அறிக்கைக்குத் தலைப்பு யோசிக்கத் தொடங்கிவிட்டேன். மேடம் காலி பாட்டிலின் முடிவைக் கேட்டார். அதிலும் அதே அளவு. ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருந்த மெத்தை நாற்காலிகளின் தூசுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தோம்.

"நம்ம நாற்காலி சார். மீனு பாவம்," என்றார். ஒரு பருவத்து உழைப்பு முழுவதையும் ஒதுக்கினார். தாளைக் கிழிக்கவில்லை; 'தவறு' என்று மட்டும் ஓரத்தில் எழுதினார். அது அவர் பழக்கம். மரமுக்காலி போட்டு முதலிலிருந்து தொடங்கினார். இடையில் நான் ஓய்வுபெற்றேன். அவர் நோயில் விழுந்தார். ஏழுமலைக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பது என் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

இதுவரை அடக்கத்துக்குப் போகுமுன் எழுதியது.

கல்லறைத் தோட்டத்தில் ஏழுமலை மகளோடும் பேத்தியோடும் நின்றிருந்தார். மேடம் பதில் ஏதும் சொன்னாரா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"பேத்தி பொறக்கறதுக்கு முன்னியே வந்து சொல்லிட்டாங்க சார். மூச்சு வாங்கிக்கினு வந்தாங்க. 'கொஞ்சம் கீது நைனா, பயப்படற அளவுக்கு இல்ல. ஈரலு, கொழுப்பு மட்டும் தூக்கிப் போட்டுட்டு ஆக்கு'ன்னாங்க. அன்னிக்கு எங்க ஊட்லதான் சோறு. மடவைக் கொழம்பு. ரெண்டு வாட்டி வாங்கித் துன்னாங்க."

குழந்தை பிடி மண்ணைப் போட்டது. நானும் போட்டேன்.

மேலே எழுதியதை அழிக்கவில்லை, மேடம். உங்கள் பழக்கப்படி ஓரத்தில் எழுதுகிறேன்: மூன்றாவது குறிப்பு தவறு.