செத்த கம்பியில் வந்த தந்தி

இது நடந்தது. நம்புவது உங்கள் பாடு.

இதை எனக்குச் சொன்ன வால்ட்டர் பிம்லாட் குடிக்காத மனிதர். பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். ஸ்டாக்போர்ட்டில், அவர் வீட்டு அடுப்படியில், பட்டப்பகலில் உட்கார்ந்து ஒரே ஒரு முறைதான் சொன்னார். ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு நடந்தது என்பதை நிமிடம் பிசகாமல் சொன்னார். தந்திக்காரர்களை விடாத பழக்கம் அது. நடந்தபோது அவருக்கு இருபத்து நான்கு வயது. அந்த வயதுக்காரனாகவே அவனை இங்கே சொல்கிறேன்.

1917 ஏப்ரல். வட பிரான்ஸ். டிவிஷன் தலைமையகம் ஒரு பழைய மாளிகையில் இருந்தது. அதன் குதிரை லாயம்தான் தந்தி அறை. கார்ப்பரல் வால்ட்டர் அங்கே கருவியின் முன் உட்கார்ந்திருப்பான். ஆறு மைல் முன்னால், இடிந்த காற்றாலைக்கு அடியில், ஒரு நிலவறையில் பிரிகேடியர் மெல்லர் இருந்தார். அவருடைய தந்திக்காரன் எல்லிஸ் கிராப்பர்.

வால்ட்டரும் எல்லிஸும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. எட்டு மாதமாகக் கம்பி வழியாக மட்டுமே பழக்கம். வேலை ஓய்ந்தால் எல்லிஸ் வம்புக்கு இழுப்பான்.

"டேய் லாயக்காரா, இன்னிக்கும் உனக்கு முட்டையா? இங்க எலி தின்ன மிச்ச பிஸ்கட்டுதான்டா."

"எலியையே வறுத்துத் தின்னுடா" என்று வால்ட்டர் திருப்பித் தட்டுவான்.

கையெழுத்துப் போலத்தான், மோர்ஸ் தட்டுவதிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு நடை உண்டு. எல்லிஸ் ஒவ்வொரு சொல்லின் கடைசித் தட்டையும் சற்று இழுப்பான். ஆயிரம் பேர் தட்டினாலும் வால்ட்டருக்கு அது தெரியும்.

ஏப்ரல் 17. தாக்குதல் நாள். காலை 10.40க்கு பிரிகேடியரின் தந்தி வந்தது.

"முதல் அலை அழிந்தது. முள்வேலி அறுபடவில்லை. இரண்டாம் அலையை நிறுத்த அனுமதி தேவை. பதிலுக்குக் காத்திருக்கிறேன்."

வால்ட்டர் தானே எடுத்துக்கொண்டு ஓடினான். மேஜர் ஜெனரல் தோர்ன்கேட் சாப்பாட்டு மேசையில் இருந்தார். படித்தார். நாலாக மடித்துப் பைக்குள் போட்டார். ரொட்டியில் வெண்ணெய் தடவத் தொடங்கினார்.

"பதில், சார்?"

"பதில் ஒண்ணும் கெடையாது. போ."

11.15க்கு இரண்டாம் அலை கிளம்பியது. அறுநூற்று நாற்பது பேர். முள்வேலியைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. 11.32க்கு எல்லிஸ் கேட்டான்: "பதில் எங்கடா வால்ட்..." அவ்வளவுதான். கம்பி செத்தது. ஒரு குண்டு விழுந்து, காற்றாலை முழுவதும் நிலவறையின் மேல் சரிந்திருந்தது. உள்ளே பிரிகேடியர், அவருடைய கேப்டன், எல்லிஸ். மூன்று பேர்.

மறுநாள் காலை ஜெனரல் வால்ட்டரைக் கூப்பிட்டார். தந்திப் பதிவேட்டில் இருந்த அந்தப் பக்கத்தைத் தன் கையாலேயே கிழித்தார்.

"நேத்து அந்த பிரிகேட்லேர்ந்து ஒரு தந்தியும் வரல. அங்க இருந்த தந்திக்காரன் கடமை தவறிட்டான். அப்படித்தான் மேல எழுதியிருக்கேன். புரியுதா?"

வால்ட்டர் கிழிந்த பக்கத்தையே பார்த்தான்.

"வாயத் தொறந்தே, உன்னச் சுவரோரமா நிக்கவச்சுச் சுட்டுருவேன்."

"புரியுது, சார்."

அந்த இரண்டு சொல்லுக்காகத் தன்னை மன்னிக்கவே இல்லை என்றார் வால்ட்டர். எல்லிஸின் தாய்க்குப் போன கடிதத்தில், மகன் கடமை தவறியதால் அறுநூறு பேர் செத்தார்கள் என்று இருந்ததாம்.

ஏப்ரல் 25. வெயில் அடித்தது. லாயத்தின் கதவு திறந்திருந்தது. 10.40.

டக்... டக் டக்... டக்.

காற்றாலைக் கம்பியின் கருவி.

வால்ட்டரின் கை தானாகப் பென்சிலை எடுத்து எழுதியது: "பதிலுக்குக் காத்திருக்கிறேன்." ஒவ்வொரு சொல்லின் கடைசித் தட்டிலும் ஓர் இழுப்பு.

கம்பி போடும் சார்ஜென்ட் ஹேக் வாசலில் புகை பிடித்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு உள்ளே வந்தார்.

"என்னடா அது?"

"காற்றாலை லைன், சார்ஜென்ட்."

"உளறாத. அந்தக் கம்பிய நானே சுத்தி எடுத்துட்டு வந்தேன். அதோ, மூலையில கெடக்கு பாரு."

கிடந்தது. சுருளாக.

மறுநாள், 10.40. அதே சொற்கள். அதே இழுப்பு.

மூன்றாம் நாள் விஷயம் காதுக்கு எட்டி ஜெனரலே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"எந்தப் பய வெளையாடுறான்?"

"தெரியல, சார்."

"அதப் புடுங்கி எறி!"

வால்ட்டர் எல்லா இணைப்பையும் பிடுங்கினான். கருவியை வெறும் மேசையில் வைத்தான்.

10.40.

டக்... டக் டக்...

ஜெனரல் காதுகொடுத்துக் கேட்டார். அவருக்கு மோர்ஸ் தெரியாது. ஆனாலும் இரண்டடி பின்னால் நகர்ந்தார். திரும்பி வெளியே போனார்.

10.52. இன்னொரு கருவி அடித்தது. இது உயிருள்ள கம்பி. ஜெனரலுக்கும் மேலான ராணுவத் தளபதியின் தலைமையகத்திலிருந்து வருவது.

"ஜெனரல் தோர்ன்கேட்டுக்கு. 11.32க்குக் காற்றாலைக்கு வரவும். நேரில் பேச வேண்டும். தளபதி."

வால்ட்டர் எழுதி முடித்தான். அப்புறம்தான் உறைத்தது...

கடைசித் தட்டு. ஒவ்வொன்றிலும். இழுப்பு.

எடுத்துப் போகாமல் இருந்திருக்கலாம். கிழித்துப் போட்டிருக்கலாம். அவனுக்குத் தெரியும். அந்தக் காகிதத்தை ஒரு நிமிடம் முழுக்கப் பார்த்தான்.

பிறகு எடுத்துக்கொண்டு போனான்.

"பதில், சார்?"

"வர்றேன்னு சொல்லு."

வால்ட்டர் திரும்பி வந்தான். உயிருள்ள கருவியை விட்டுவிட்டான். பிடுங்கிப் போட்ட கருவியின் முன் உட்கார்ந்தான். ஒரே சொல் தட்டினான்.

"வருகிறார்."

2.05க்கு ஜெனரலின் கார் திரும்பி வந்தது. டிரைவர் மட்டும் இறங்கினான்.

"ஆலைக்கு முன்னாடி எறங்கினாரு. யாரோ கூப்பிட்ட மாதிரி, 'இதோ வந்துட்டேன்'னு சொன்னாரு. இடிபாட்டச் சுத்தி அந்தப் பக்கம் போனாரு. நான் போய்ப் பாத்தேன்... சேத்துல காலடி இருந்துச்சு. பத்துப் பன்னெண்டு. அப்புறம் இல்ல."

"இல்லன்னா?"

"இல்லய்யா! பாதியிலயே நின்னுபோச்சு!"

நூறு பேர் தேடினார்கள். ஒரு பொத்தான்கூடக் கிடைக்கவில்லை. அப்படியொரு தந்தியை அனுப்பவே இல்லை என்றது தளபதியின் அலுவலகம். காணாமல் போனார் என்று எழுதி முடித்தார்கள்.

அடுத்த நாள் 10.40க்கு அந்தக் கருவி மறுபடி அடித்தது.

எல்லிஸ் இல்லை.

இது வேறு கை. பழக்கமே இல்லாத கை. அருகில் யாரோ நின்று எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுக்க, தப்பும் தவறுமாகத் தட்டுவது போல...

"தோண்டுங்கள்."

ஹேக்கின் வாயிலிருந்து சிகரெட் விழுந்தது.

"எழுதலையாடா?"

"கம்பியே இல்லையே, சார்ஜென்ட். எத எழுத?"

ஹேக் அவனையே பார்த்தார். பிறகு அவரும் வெளியே போய்விட்டார்.

தினமும் வந்தது. சில நாள் மணிக்கணக்காக. தோண்டுங்கள். தோண்டுங்கள். போகப் போகத் தட்டு பலவீனமானது.

வால்ட்டர் ஒரு முறைகூடப் பென்சிலைத் தொடவில்லை.

ஜூன் 6, பிற்பகல் 3.20க்கு நின்றது.

அதற்குள் போர்முனை முன்னால் நகர்ந்துவிட்டது. பிரிகேடியரின் உடலை எடுத்து முறைப்படி புதைக்க உத்தரவு வந்தது. ஜூன் 8 காலை தோண்டத் தொடங்கினார்கள். வால்ட்டரும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். பதினைந்து அடி மண்ணும் கல்லும். எலி நுழையக்கூட இடுக்கு இல்லை.

ஜூன் 9, பகல் 11.32. நிலவறைக் கதவு திறந்தது.

உள்ளே நான்கு பேர் இருந்தார்கள்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், எலும்பும் கந்தலுமாக. நான்காவது உடல் கதவை ஒட்டிக் கிடந்தது. காலரில் ஜெனரலின் சிவப்புப் பட்டை. விரல்களில் நகங்கள் இல்லை.

ராணுவ மருத்துவர் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். எழுந்தபோது அவர் குரல் இறங்கிப் போயிருந்தது.

"அவங்க மூணு பேரும் ஏப்ரல்லயே போயாச்சு. ஆனா இவரு... செத்து மூணு நாள்தான் ஆகுது."