பன்வில பஸ்ஸில் சிவகுரு

செவ்வாய்க்கிழமை காலை கண்டி மார்க்கட்டில் கத்தரிக்காய்க்காரரோடு வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அம்பிட்டியவிலிருந்து சிவகுருவின் மனைவி. "அக்கா, இவர் விடிய எழும்பேல்லை" என்றார். இரவு நித்திரையிலேயே சிவகுருவின் உயிர் போயிருந்தது. கத்தரிக்காயை அங்கேயே வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த சாக்கு மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன். என்னைவிட ஏழு வயது இளையவர். எனக்கு முன்னால் போக அவருக்கு என்ன அவசரம்? உயிரோடு இருந்திருந்தால் இதைக் கேட்டே சண்டை பிடித்திருப்பேன்.

எங்கள் பகல் நிலையத்தில் அவரோடு பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்தேன். மனநோயிலிருந்து மெல்ல மீள்கிறவர்கள் காலையில் பஸ் ஏறி வந்து, பின்னேரம் மூன்று மணிக்கு வீடு திரும்பும் இடம் அது. நான் தொழில்வழிச் சிகிச்சையாளர். கைக்கு வேலை கொடுத்து மனதைத் தேற்றுவது என் பக்கம். அவர் உளவளத்துணையாளர். உட்கார்ந்து பேசுவது அவர் பக்கம். பேசுவது என்றா சொன்னேன்? பாதி நாள் சும்மா உட்கார்ந்திருப்பார். யார் உள்ளே வந்தாலும் "வந்திட்டீங்கள்தானே, அது போதும்" என்பார், அவருடைய யாழ்ப்பாணத் தமிழில். பிந்தி வந்த நாட்களில் எனக்கும் அதே வார்த்தைதான். எரிச்சலாக இருக்கும்.

கரம் போர்டின் முன்னால் மட்டும் மனிதர் சும்மா இருக்க மாட்டார். ஒருநாள் அவருக்கு எதிரே கட்டுகஸ்தோட்டை வியாபாரி ஒருவர். மாதக்கணக்கில் யாரிடமும் ஒரு சொல் பேசாதவர். சிவகுரு சிவப்புக் காயைச் சுண்டுவிரலால் மெல்லக் குழிப்பக்கம் நகர்த்தினார். வியாபாரி நிமிர்ந்து, "சேர், அது களவு" என்றார். அறையே திரும்பிப் பார்த்தது. அவரைப் பேசவைக்கத்தானே அப்படிச் செய்தீர்கள் என்று பிறகு பாராட்டினேன். "இல்லையக்கா, நான் வெல்லத்தான் பார்த்தனான்" என்றார். அவரோடு கரம் ஆடியவர்களுக்குத் தெரியும், அது சத்தியமான உண்மை.

பாக்கியத்தைப் பற்றிச் சொல்லாமல் சிவகுருவைப் பற்றிச் சொல்ல என்னால் முடியாது. பாக்கியம் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். நோய் வந்தபின் வேலையை விட்டு, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். அண்ணனும் அண்ணியும் கொழுந்து மலைக்கு வேலைக்குப் போய்விட்டால் அவரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. நிலையத்துக்கு வராவிட்டால் தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரேயடியாக விட்டுவிட வேண்டியதுதான் என்று அண்ணன் எங்களிடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். கெட்ட மனிதரல்ல, களைத்துப்போன மனிதர்.

நானும் லயத்தில் பிறந்தவள். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது. தோட்டத்து ஆட்களைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்ற நினைப்பு. நிலையத்தின் பின்புறம் பழைய தேயிலைச் செடிகள் பத்துப் பதினைந்து நின்றன. பழகிய வேலை கையைத் தேற்றும் என்று எண்ணி, கொழுந்துக் கூடை ஒன்று வாங்கிவந்து பாக்கியத்தின் முதுகில் மாட்டிவிட்டேன். அழகாகப் பறித்தார். மூன்று நாள் சந்தோஷமாகப் போனது. நாலாம் நாள் எனக்குப் புத்தி கெட்டது. ஊக்கம் கொடுப்பதாக நினைத்து, குசினியில் அரிசி நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து கொழுந்தை அதில் வைத்தேன். ரெண்டு கிலோ என்று சொல்லிக் கைதட்டினேன். மற்றவர்களும் தட்டினார்கள். பாக்கியம் கூடையைக் கழற்றி வைத்தார். மறுநாள் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அண்ணன் வந்தார். அரைப்பேர் போட்டுவிட்டார்கள் என்று அழுகிறாள், சோறு இறங்கவில்லை, திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்றார். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் தோட்டத்தில் அரைநாள் கூலிதான். அதைத்தான் அரைப்பேர் என்போம். இருபது வருடம் தராசுக்குப் பயந்த பெண்ணை, ரெண்டு கிலோவோடு மறுபடி அதன் முன்னால் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். என் அம்மா அப்படிப் பயந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

நீங்கள் போய்ப் பேசுங்கள், உங்களுக்குத்தான் பேச வரும் என்று சிவகுருவிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் கேட்டா அது உங்கட மன்னிப்பு இல்லையக்கா. நீங்கள் கேளுங்கோ. நான் பக்கத்தில இருக்கிறன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சிகிச்சை செய்கிறவள் வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்டால் நாளைக்கு யார் மதிப்பார்கள் என்று பொரிந்து தள்ளினேன். அவர் எழுந்து பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார். பின்னால் போகாமல் என்ன செய்வது? பன்வில போய்ச் சேரும்வரை நான் அவரோடு பேசவில்லை. அவர் என்னடாவென்றால் ஜன்னலோரம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார்.

பாக்கியம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். சிவகுரு வாசற்படியில் உட்கார்ந்தார். சொன்னபடி வாயே திறக்கவில்லை. அண்ணனும் அண்ணியும் பக்கத்துக் காம்பரா வீட்டுச் சனமும் பார்த்துக்கொண்டு நிற்க, நான் கதவோடு பேசினேன்.

"தப்பு என்னோடது, பாக்கியம். தராசக் கொண்டாந்தது நான்தான். ஒங்களுக்கு யாரும் அரைப்பேர் போடல."

பிறகு உள்ளிருந்து குரல் வந்தது.

"இனிமே நிறுக்க மாட்டீங்கதானே?"

மாட்டேன் என்றேன். கதவு அன்று திறக்கவில்லை. திங்கட்கிழமை காலை அண்ணன் பாக்கியத்தை நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக்கென்று கட்டிய பை அவர் தோளில் அப்படியே தொங்கியது. சிவகுரு வழக்கமான வார்த்தையைச் சொல்லி வரவேற்றார். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

பாக்கியம் இன்றும் வருகிறார். சிவகுரு இறந்ததை அவரிடம் சொல்ல வேண்டாம், வெளிநாடு போய்விட்டார் என்று சொல்லிவிடலாம் என்று நிலையத்தில் சிலர் சொன்னார்கள். தெரிந்தால் நோய் திரும்பும், மறுபடி ஆஸ்பத்திரிப் பேச்சு வரும் என்ற பயம். எனக்கும் பயம்தான். ஆனால் பொய்யைச் சொல்லிவிட்டு அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? செத்த வீடு முடிந்த மறுநாள் பன்வில பஸ் ஏறினேன். வாசலில் வைத்தே சொன்னேன். பாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"தனியாவா வந்தீங்க, மிஸ்?"

ஆமாம் என்றேன். உள்ளே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். பாதை வரைக்கும் என்னோடு நடந்து, பஸ் வரும்வரை ஒரு வார்த்தையும் பேசாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அடுத்த திங்கட்கிழமையும் நிலையத்துக்கு வந்தார்.

என் கோபத்தைச் சிவகுரு மாற்றவில்லை, அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. சொல்ல வேண்டியதை நானே போய்ச் சொல்வது ஒன்றுதான் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது. பக்கத்தில் உட்காரும் வித்தை எனக்குக் கடைசிவரை வரவில்லை. அது பாக்கியத்துக்கு வந்திருக்கிறது.