கிணற்றுத் தண்ணீருக்கு விலை

தண்ணீர் கெட்டிருக்கிறதா என்று பார்ப்பது ஆய்வகத்தின் வேலை. கெட்டதற்கு விலை போடுவது என் வேலை. பொருளாதாரம் படித்துவிட்டுக் கோவையில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சேரும்வரை, இப்படி ஒரு பிழைப்பு இருப்பதே எனக்குத் தெரியாது.

பெரியநாயக்கன்பாளையம் தாண்டி உள்ளே பிரியும் ஓர் ஊரில், இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் கம்பெனி ஒன்று இடத்தைப் பெரிதாக்க அனுமதி கேட்டிருந்தது. அதன் கழிவுநீரால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு எவ்வளவு நஷ்டம் என்று நான் கணக்கெடுக்க வேண்டும். நஷ்டம் பெரிதென்றால் கம்பெனி கழிவுநீரைச் சுத்திகரிக்க இயந்திரம் வைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் இப்போது போலவே ஓட்டிக்கொள்ளலாம்.

முதல் வீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா. உட்காரச் சொல்லி, சொம்பில் தண்ணீர் கொடுத்து, நான் குடித்து முடித்த பிறகுதான் என்ன விஷயம் என்று கேட்டார். கம்பெனியால் ஏதாவது நஷ்டம் உண்டா என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்மணி. நல்லா இருக்கறமுங்க."

பூஜ்யம் எழுதினேன். கிணறு தோட்டத்தின் கோடியில் இருந்தது. எட்டிப் பார்க்கச் சொல்லிக் கேள்வித்தாளில் இல்லை, நானும் பார்க்கவில்லை. மற்ற வீடுகளிலும் அதே சொம்பு, அதே பதில், அதே பூஜ்யம்.

ஒரு வாரம் கழித்து ஆய்வக முடிவு வந்தது. அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் குடிக்க லாயக்கில்லை என்றிருந்தது. என் தாளிலோ யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது என் மேலேயே ஆத்திரம் வந்தது. நானும் இந்தப் பக்கத்துக்காரிதான். வீடு தேடி வந்தவரிடம் குறை சொல்வது எங்களுக்கு வழக்கமில்லை. வயிறு காய்ந்தாலும் "சாப்டாச்சுங்க" என்போம். அந்த ஜனங்களிடம் போய், உங்களுக்கு நஷ்டம் உண்டா என்று கேட்டிருக்கிறேன், படித்த முட்டாள்.

மறுபடி போகிறேன் என்றதும் மேலாளர் சிரித்தார். அழுத பிள்ளைக்குத்தான் பால், அவர்களே அழவில்லை, உனக்கென்ன என்றார். எங்கள் ஊர்ப் பிள்ளை விருந்தாளி முன்னால் அழாது சார் என்றேன். அப்படியானால் சொந்தச் செலவில் போ என்றார். ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் பிடித்துப் போனேன்.

இந்த முறை நஷ்டம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அக்கா சொம்போடு வந்ததும், இது வேண்டாம், உங்கள் கிணற்றுத் தண்ணீர் கொடுங்கள் என்றேன்.

அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டார். கேட்டு வந்தவளுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் வராது. அந்தத் தண்ணீரைக் கொடுக்கவோ மனசு வராது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் விடுவதாக இல்லை.

"அதை மனுசங்க குடிக்க முடியுங்களா அம்மணி?" என்றார் கடைசியில். "மஞ்சளாப் போயிருச்சுங்க. இது காசுக்கு வாங்கற கேன் தண்ணி."

அதற்கப்புறம் நான் அதிகம் கேட்க வேண்டியிருக்கவில்லை. வாரத்துக்கு எத்தனை கேன், சமையலுக்கு எங்கிருந்து குடம் சுமக்கிறார், தோட்டத்து வெங்காயம் எப்படிச் சிறுத்துப் போனது எல்லாம் வந்தது. கம்பெனி முதலாளி வீட்டு நல்லது கெட்டதுக்குப் போய்வருகிற உறவு அவருக்கு. பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இதையெல்லாம் எழுதிப்போட்டா அவங்களுக்குச் சங்கடமா இருக்காதுங்களா?"

"இருக்கட்டுமுங்க அக்கா. அதுக்குத்தான் எழுதறேன்."

மற்ற வீடுகளிலும் கிணற்றுத் தண்ணீர்தான் கேட்டேன். ஒருவர்கூடக் கொடுக்கவில்லை. மூன்று ஞாயிறு ஆயிற்று. கூட்டிப் பார்த்தால், சுத்திகரிக்கும் இயந்திரத்தின் விலையை நஷ்டம் தாண்டியிருந்தது.

மேலாளர் என் மேஜைக்கே வந்து நின்றார். கம்பெனிதான் நமக்குப் பணம் தருகிறது, பூஜ்யம் போட்ட முதல் தாளையே அனுப்பு என்றார். அனுப்பலாம், நீங்கள் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். கணக்கெடுத்தவர் கையெழுத்துதான் செல்லும் என்பது அவருக்கும் தெரியும். இந்த வேலை போனால் வேறு வேலை உடனே கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். அப்போது போன் அடித்தது. என் நம்பரை வாங்கி வைத்திருந்த அந்த முதல் வீட்டு அக்கா.

"அம்மணி, நோட்டை மூடிப்போட்டீங்களா? எங்க மாடு ரெண்டும் அந்தியூர்ச் சந்தையில வாங்குனதுங்க. அந்தத் தண்ணி குடிச்சதுக்கப்புறம் செனையே நிக்கலீங்க. வித்துப்போட்டோம். வெக்கமா இருந்துச்சுங்க, அன்னைக்குச் சொல்லல. அதையும் சேத்துக்குங்க."

மேலாளர் நின்றுகொண்டே இருந்தார். மாடு இரண்டு என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு, தாளை அவர் பக்கம் தள்ளினேன்.