நான் வீசிய வெள்ளைத் துண்டு

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். கூட வேலை பார்த்த இன்னொரு வாத்தியாருக்கும் எனக்கும் ஒரே பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு நார்த்தாமலைப் பக்கம் கிளம்பிவிடுவோம். குன்றுகளுக்கு நடுவே நுழைந்து போகிற வண்டிப்பாதை, பாறைமேல் சுனை, கீழே இறங்கினால் கண்மாய். ஒரு குன்றில் ஏறுவது, கொண்டுபோன கட்டுச்சோற்றைத் தின்பது, இறங்குவது, அவ்வளவுதான் எங்கள் காரியம். டயர் கிடைக்காத காலம். கிழிசலுக்கு உள்ளே பழைய டயர்த் துண்டை வைத்து ஓட்டினோம். சக்கரம் சுற்றுக்கு ஒரு தரம் விக்கல் எடுத்தாற்போலத் தூக்கிப் போடும்.

வழியில் பார்க்கிறவர்கள் "எங்கிட்டுப் போறீங்க?" என்பார்கள். "சும்மா, மலை ஏறத்தான்" என்று சொல்லி ஒருவர்கூட நம்பியதில்லை. நிலம் அளக்க வந்திருக்கிறோம் என்பார் ஒருவர். புதையல் தேடுகிறோம் என்பார் இன்னொருவர். வேலை மெனக்கெட்டு எவனாவது சும்மா மலை ஏறுவானா என்பது அவர்கள் கேள்வி. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

ஒரு வைகாசி மாதம். காலை பத்து மணி இருக்கும். ஒரு கண்மாய்க்கரையில் போகும்போது என் சைக்கிளில் காற்று இறங்கிவிட்டது. "நீ ஒட்டுப் போட்டுக்கிட்டு இரு, நான் அந்தச் சுனையைப் பார்த்துட்டு வாரேன்" என்று நண்பர் தன் சைக்கிளையும் என்னிடம் விட்டுவிட்டு எதிரே இருந்த குன்றில் ஏறப் போய்விட்டார். புளியோதரைப் பொட்டலமும் அவர் தோள்பையிலேயே போய்விட்டது. அதுதான் வினை.

கண்மாயில் முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர். சுற்றிலும் கரை நெடுக ஜனங்கள். ஆண்கள் கையில் மீன்மேல் கவிழ்த்துப் பிடிக்கிற மூங்கில் ஊத்தா, பெண்கள் இடுப்பில் கூடை. முந்நூறு பேராவது இருப்பார்கள். ஒருவர் காலும் தண்ணீரில் படவில்லை. பக்கத்தில் இருந்த ஆளிடம் கேட்டேன்.

"மீன்பிடிங்க. அம்பலக்காரரு உத்தரவு குடுக்கணும், அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்" என்றார். எப்படிக் கொடுப்பார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஒட்டுப் போட்டு முடித்தேன். வயிறு கூப்பாடு போட்டது. நண்பரோ குன்றின் உச்சியில் கையைக் கட்டிக்கொண்டு காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார். கத்தினால் கேட்காது. எங்கே நின்றால் அவர் கண்ணில் படுவேன் என்று பார்த்தேன். கரையிலேயே உயரமான இடம் மடைக்கு மேலே இருந்த கல்மேடை. அதில் ஏறி நின்று, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் மூன்று சுற்றுச் சுற்றினேன்.

கண்மாய் அதிர்ந்தது. முந்நூறு பேரும் ஒரே பாய்ச்சலாகத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்கள். ஒரே கூச்சல், சேறு, துள்ளுகிற மீன். என்ன ஆயிற்று என்று எனக்கு விளங்கவே இல்லை. கையில் துண்டோடு அப்படியே நிற்கிறேன்.

புளியமரத்தடியிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். அவர்தான் அம்பலக்காரர், ஊர்த் தலைவர். அவர் தோளிலும் ஒரு வெள்ளைத் துண்டு, புதுசு, மடிப்புக் கலையாமல் இருந்தது. அதைப் பார்த்ததும், துண்டை வீசுவதுதான் உத்தரவு என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"யாரு தம்பி நீங்க? எதுக்கு வீசுனீங்க?"

"கூட்டாளியக் கூப்பிட வீசுனேங்க. பசிச்சுச்சு."

அவர் திட்டியிருந்தால் தேவலை. கல்மேடையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். நான் முன்பு கேட்டிருந்த ஆள்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். எதிரே தெரிகிற குன்றுகளுக்கு அந்தப்புறம் இருக்கிற ஊருக்கும் இந்த ஊருக்கும் ஒரே கண்மாய். மடைத்தண்ணீர்ச் சண்டையில் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. அம்பலக்காரர் மகளைக் கொடுத்திருப்பதும் அந்த ஊரில்தான். அவள் மூன்று வருஷமாகத் தாய்வீட்டுப் படி ஏறவில்லை. பேரனை இவர் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. இந்த வருஷம் இவரே வெற்றிலை பாக்கோடு போய், "நீங்க வந்து கரையேறுன பெறகுதான் துண்டு வீசுவேன்" என்று வாக்குக் கொடுத்து அழைத்திருக்கிறார். மகளும் அவர்களோடு வருகிறாள்.

"வந்து பாத்தா என்ன நெனைப்பாங்க? மறுபடி ஏமாத்திட்டோம்னுதானே? திரும்பிப் போயிருவாங்க" என்றார் அந்த ஆள்.

"நான் போய்ச் சொல்றேங்க" என்று சைக்கிளை எடுத்தேன். அம்பலக்காரர் தலையை நிமிர்த்தி ஒரு தரம் பார்த்தார். பிறகு எழுந்து, "எல்லாரும் கரையேறுங்க" என்று கத்திக்கொண்டே வேட்டியோடு தண்ணீரில் இறங்கினார்.

குன்றுகளுக்கு நடுவே பாதை ஏற்றம். அன்றைக்கு மிதித்த மிதி என் ஆயுளில் மிதித்ததில்லை. மேட்டின் உச்சியிலேயே அவர்களைப் பிடித்துவிட்டேன். கூட்டம் நின்றுகொண்டிருந்தது. அங்கிருந்து பார்த்தால் கண்மாய் அப்பட்டமாகத் தெரிகிறது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள்.

மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். முன்னால் நின்ற மீசைக்காரர், "மூணு வருசம் போயும் அவுக புத்தி போகல. இதச் சொல்ல ஒரு ஆள் வேற" என்றார். நான் சத்தியம் செய்தேன். "சும்மா மலை ஏற வந்தீங்களாக்கும்? யாருகிட்ட கதை விடுறீங்க?" என்று திரும்பி நடக்க ஆரம்பித்தார். கூட்டமும் திரும்பியது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் மட்டும் கண்மாயைப் பார்த்தபடியே நின்றாள். அவள் யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து நான் அழுதுவிடுவேன் போலிருந்தது.

அப்போதுதான் பாறைமேல் தடதடவென்று சத்தம். என் நண்பர் சறுக்கிக்கொண்டு இறங்கிவருகிறார். கூட்டத்தை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. "ஏம்ப்பா, ஒரு புளியோதரைக்கா துண்டை அந்தச் சுத்துச் சுத்துன? நான் ஒன்னைப் பாம்பு கடிச்சிருச்சுன்னு விழுந்தடிச்சு ஓடியாரேன், நீ நல்லா சைக்கிள் மிதிச்சுக்கிட்டு இங்க வந்து நிக்கிற. இந்தா, தின்னு தொலை" என்று பொட்டலத்தை என் நெஞ்சில் வைத்து இடித்தார்.

முதலில் சிரித்தது அந்தப் பெண்தான். சிரித்துக்கொண்டே மீசைக்காரரிடம், "எங்கப்பாவுக்கு இப்படியெல்லாம் கதை கட்டத் தெரியாதுங்க மாமா. வாங்க, போவோம்" என்றாள். மீசைக்காரர் என்னையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பில் அவருக்கும் மீசை துடித்துவிட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கண்மாயில் ஒருவரும் இல்லை. பிடித்த மீனையெல்லாம் புளியமரத்தடியில் ஒரே குவியலாகக் கொட்டிவிட்டு, ஊரே இடுப்புவரை சேறு அப்பிக்கொண்டு கரையில் நின்றது. "இது மொதல்ல ஒங்களுக்கு" என்றார் அம்பலக்காரர். மீசைக்காரர் குவியலைப் பார்க்கவில்லை. "மீன் கெடக்கட்டும். துண்டை வீசுங்க, சேர்ந்தே எறங்குவோம்" என்றார். அம்பலக்காரர் துண்டை எடுக்கப் போனார். அதற்குள் மகள் அருகே வந்துவிட்டாள். அவர் பேரனை வாங்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டு, துண்டை அவன் கையில் கொடுத்து, அந்தக் கையைப் பிடித்து வீசினார். இந்தத் தடவை இரண்டு ஊரும் சேர்ந்து பாய்ந்தன. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதது மாதிரி சைக்கிள் பெல்லைத் துடைத்தேன்.

துண்டு வீசுகிறவருக்கு முதல் விரால் என்பது அந்த ஊர் வழக்கமாம். "இன்னைக்கு ரெண்டு பேருல்ல வீசுனோம்" என்று அவர் இரண்டு விராலை என் துண்டிலேயே முடிந்து ஹேண்டில்பாரில் தொங்கவிட்டார். எத்தனை வெளுப்பு வெளுத்தும் அந்தத் துண்டில் மீன்வாசனை போகவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வைகாசியிலும் அந்த ஊரிலிருந்து ஒரு ஆள் பள்ளிக்கூடத்துக்கு வருவார். "வர்ற ஞாயித்துக்கெழமை மீன்பிடிங்க வாத்தியாரய்யா, மலைப்பக்கம் வாரீங்களா? வந்தா துண்டை வீட்டுலயே வச்சிட்டு வரச் சொன்னாரு அம்பலக்காரரு" என்பார். இன்றுவரை ஒரு பஸ்ஸை நிறுத்தக்கூட நான் துண்டை எடுத்ததில்லை. ஆனால் தப்பு என்னுடையதுதான் என்று யாரிடமாவது போய்ச் சொல்ல வேண்டியிருந்தால், கால் தயங்கும்போதெல்லாம், அந்த மேட்டில் கண்மாயையே பார்த்துக்கொண்டு நின்ற பெண்ணின் முகம் ஞாபகத்துக்கு வரும். உடனே எழுந்து கிளம்பிவிடுவேன்.